நாலாவது மோசமான நாள்

உங்களுக்கு ஒரு சின்ன கேள்வி. ஒரு பெரிய ஊரின் ஓசோன் டேட்டா உங்கள் கையில் இருக்கிறது. மூன்று வருஷம், மணிக்கு ஒரு ரீடிங். ஒரு மானிட்டருக்கு மட்டும் 26,280 எண்கள். அந்த மாதிரி பத்துப் பதினைந்து மானிட்டர்கள். இத்தனையும் உள்ளே போனால் வெளியே வரவேண்டியது ஒரே பதில்தான்: ஊர் பாஸா, ஃபெயிலா? என்ன ஃபங்ஷன் எழுதுவீர்கள்?

பாதிப் பேர் ஆவரேஜ் எடுப்போம். மீதிப் பேர் மேக்ஸிமம் எடுப்போம். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது இ.பி.ஏ., ரெண்டையும் எடுப்பதில்லை. அவர்கள் செய்வது இது. ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேர சராசரிகளைக் கணக்கிட்டு, அதில் பெரியதை அந்த நாளின் மதிப்பாக வைத்துக்கொள்வார்கள். வருஷத்தின் எல்லா நாட்களையும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, முதல் மூன்றை விட்டுவிட்டு நாலாவதை எடுப்பார்கள். இப்படி மூன்று வருஷத்து நாலாவது மதிப்புகளின் சராசரிதான் அந்த மானிட்டரின் 'டிசைன் வேல்யூ'. ஊரில் எந்த மானிட்டரின் டிசைன் வேல்யூ அதிகமோ, அதுவே ஊரின் மார்க். 2015 இல் வைத்த வரம்பு 70 பி.பி.பி. அதாவது நூறு கோடி காற்று மூலக்கூறுகளில் 70 ஓசோன். 70 வரை பாஸ். 71 என்றால் ஃபெயில்.

இதுல ஒரு குட்டி விஷயம். மூன்று வருஷத்து நாலாவது மதிப்புகள் 73, 71, 68 என்று ஒரு கற்பனைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 70.67. ரவுண்ட் பண்ணினால் 71, ஊர் ஃபெயில். ஆனால் விதி ரவுண்ட் பண்ணச் சொல்லவில்லை, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டச் சொல்கிறது. சி புரோகிராமில் ஃப்ளோட்டை இன்ட்டாக மாற்றும்போது நடக்குமே, அதேதான். 70.67 என்பது 70 ஆகிவிடும். ஊர் பாஸ். லட்சக்கணக்கானவர்கள் சுவாசிக்கிற காற்று சட்டப்படி நல்ல காற்றா இல்லையா என்பதை ஒரு டைப் காஸ்டிங் முடிவு செய்கிறது.

"அதெப்படி முதல் மூணு மோசமான நாளை விட்டுடலாம்? இது இன்டர்னல் டெஸ்ட்ல கம்மி மார்க்கை விட்டுட்டு பெஸ்ட் ஆஃப் த்ரீ எடுக்கிற மாதிரி ஏமாத்து வேலை இல்லையா?" என்று கேட்கத் தோன்றும். இந்த இடத்தில் நான் இ.பி.ஏ. பக்கம். மேக்ஸிமம் என்பது புள்ளியியலில் ரொம்ப ஆட்டம் போடுகிற எண். ஓசோன் புகைபோக்கியிலிருந்து நேராக வருவதில்லை. வண்டி, மின் நிலையம் விடுகிற நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், பெட்ரோல், பெயிண்ட், ரசாயனத் தொழிற்சாலை, ஏன் மரங்கள்கூட விடுகிற ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வெந்து உருவாகிற சமையல் அது. அடுப்பு சூரியன். ஒரு கோடை கொளுத்தினால், யாருமே கூடுதலாகப் புகை விடாவிட்டாலும் ஓசோன் எகிறும். ஒரே ஒரு உச்ச நாளை நம்பி ஊரைத் தண்டித்தால், தண்டிப்பது மாசையா வெயிலையா என்றே தெரியாது. நாலாவது நாளை எடுத்து அதையும் மூன்று வருஷத்துக்குப் பரப்பினால் ஆட்டம் அடங்கும்.

பழைய விதி இன்னும் மோசம். 1979 முதல் இருந்த ஒரு மணி நேர வரம்பில் நாட்களை மட்டும் எண்ணினார்கள். 0.12 பி.பி.எம். என்ற எல்லையைத் தாண்டிய நாட்கள் மூன்று வருஷ சராசரியில் வருஷத்துக்கு ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. அங்கே 125 பி.பி.பி. வந்தாலும் ஒரு நாள்தான், 200 வந்தாலும் ஒரு நாள்தான். எவ்வளவு தாண்டியது என்ற கேள்வியே கிடையாது. 1997 இல் எட்டு மணி நேர முறைக்கு மாறியது உண்மையான முன்னேற்றம். புதிய முறைக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. முதல் மூன்று நாட்கள் 90 ஆக இருந்தாலும் 130 ஆக இருந்தாலும் மார்க் மாறாது. வரம்பைத் தாண்டிய நாட்கள் நாலா நாற்பதா என்பதும் அந்த ஒற்றை எண்ணில் நேரடியாகத் தெரியாது.

சரி, ஃபெயில் ஆனால் என்ன ஆகும்? நமக்கு அரியர் எழுத அடுத்த செமஸ்டர். அவர்களுக்கு ஐந்து வகுப்புகள்: மார்ஜினல், மாடரேட், சீரியஸ், சிவியர், எக்ஸ்ட்ரீம். மார்ஜினலுக்கு மூன்று வருஷ அவகாசம், எக்ஸ்ட்ரீமுக்கு இருபது. கெடுவுக்குள் தேறாவிட்டால் அடுத்த வகுப்புக்குத் தள்ளுவார்கள். அவகாசம் கூடும், கூடவே கெடுபிடியும் கூடும். மாடரேட் ஊரில் வருஷத்துக்கு 100 டன் விடும் ஆலைதான் 'பெரிய ஆலை'. சிவியரில் 25 டன் விட்டாலே பெரிய ஆலை. எக்ஸ்ட்ரீமில் 10. புது ஆலை கட்ட வேண்டுமானால் நீ விடப்போவதைவிட அதிகமாக வேறெங்காவது குறைத்துக் காட்டு என்பார்கள். எக்ஸ்ட்ரீமில் ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு. டென்வர் 2022 இல் 2008 ஆம் ஆண்டு வரம்பின் கீழ் சிவியருக்குத் தள்ளப்பட்டது. விளைவு, 2024 கோடையிலிருந்து அங்கே வேறு வகை பெட்ரோல் விற்க வேண்டியதாயிற்று. பங்க்கில் நிற்கிற சாதாரண ஆளுக்கு 'டிசைன் வேல்யூ' என்ற வார்த்தை தெரியாது. அவர் டேங்க்கில் என்ன போகிறது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதி எக்ஸ்ட்ரீம் வகுப்பு. 2015 வரம்பை எட்ட அதற்குக் கெடு 2038.

இவ்வளவு பணம் ஒரு எண்ணில் தொங்கும்போது சண்டை எங்கே வரும்? ஃபார்முலாவில் வராது. அது அச்சில் இருக்கிறது, எல்லாருக்கும் ஒன்றுதான். சண்டை ஃபார்முலாவுக்கு வெளியே வரும். மானிட்டரை எங்கே வைப்பது, ஊரின் எல்லையை எங்கே போடுவது, எந்த நாளைக் கணக்கில் சேர்ப்பது. உண்மையான பரீட்சை இந்த மூன்றில்தான் நடக்கிறது என்பது என் கருத்து.

மானிட்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓசோன் அதிகம் இருப்பது புகை அதிகம் இருக்கும் இடத்தில் அல்ல. டிராஃபிக் நடுவே புதிதாக வரும் நைட்ரிக் ஆக்ஸைடு ஓசோனைத் தின்றுவிடும். காற்று நகர்ந்து, வெயிலில் வெந்து, பல மைல் தள்ளிப்போன பிறகுதான் உச்சம். லாஸ் ஏஞ்சலஸின் புகையைக் கடல் காற்று கிழக்கே தள்ள, மோசமான ரீடிங் சான் பெர்னார்டினோ பக்கத்திலும் கிரெஸ்ட்லைன் மாதிரி மலை ஊர்களிலும் வரும். விஸ்கான்சினில் ஷெபாய்கன் என்று மிச்சிகன் ஏரிக்கரை ஊர் ஒன்று. தெற்கே உள்ள சிகாகோ, மில்வாக்கியின் புகை ஏரிக்கு மேல் போய், குளிர்ந்த தண்ணீருக்கு மேலே மெல்லிய அடுக்காக மாட்டிக்கொண்டு, பகலெல்லாம் வெந்து, மதியம் ஏரிக்காற்றோடு கரைக்கு வரும். கரையோரப் பூங்காவில் இருக்கும் மானிட்டர் அதைப் பிடித்துவிடும். ஷெபாய்கன்காரர்கள் "நாங்க விட்ட புகை இல்லையே" என்று வருஷக்கணக்கில் வாதாடினார்கள். சில மைல் உள்ளே இன்னொரு மானிட்டர் வந்தது, அங்கே அளவு குறைவு. 2019 இல் பழைய 2008 வரம்புக்காக அந்த ஒரே கவுண்டியைக் கரைப்பகுதி, உள்பகுதி என்று ரெண்டாகவே பிரித்துவிட்டார்கள். அவர்கள் ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் கரையில் நிற்கிறவர் மூச்சில் போவது மானிட்டர் சொல்கிற அதே 70, 75 தான்.

எல்லை விஷயம் இன்னும் சுவாரசியம். நம் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருக்கும் அதே ஃபாக்ஸ்கான் கம்பெனி, 2017 இல் விஸ்கான்சினின் ரசீன் கவுண்டியில் 1,000 கோடி டாலரில் ஆலை, 13,000 வேலை என்று அறிவித்தது. அதே வருஷக் கடைசியில் இ.பி.ஏ. 2015 வரம்புக்கு எந்தெந்தக் கவுண்டி தேறவில்லை என்று ஒரு முன்வரைவு வெளியிட்டது. ரசீன் அதில் இருந்தது. மாநில அரசு எதிர்த்தது. 2018 மே மாதம் இறுதிப் பட்டியல் வந்தபோது ரசீன் இல்லை. இடையில் காற்று மாறவில்லை, கோடு மட்டும் மாறியது. வழக்கு நடந்தது. 2020 இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் நாட்டின் பல கவுண்டிகளின் முடிவுகளைத் திருப்பி அனுப்பியது. 2021 இல் மில்வாக்கி பகுதியின் எல்லையை விரித்து, ரசீனின் ஒரு பகுதியையும் உள்ளே கொண்டுவந்தார்கள். அதற்குள் ஃபாக்ஸ்கான் திட்டமே சுருங்கி 1,454 வேலை என்ற ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டது. எதற்காகக் கோடு வளைந்ததாக ஊர் பேசியதோ, அதுவே வரவில்லை.

இத்தனைக்கும் வரம்பை நிர்ணயிக்கும்போது செலவைப் பார்க்கவே கூடாது, உடல்நலம் மட்டும்தான் கணக்கு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001 இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. எண்ணை வைக்கும்போது பணம் வாசலுக்கு வெளியே நிற்கிறது. எண்ணை யாருக்குப் பொருத்துவது என்னும்போது கொல்லைப்புறமாக உள்ளே வருகிறது.

மூன்றாவது, நாட்கள். எனக்கு உண்மையாகவே உறுத்துவது இதுதான். 'விதிவிலக்கான நிகழ்வு' என்று ஒரு விதி இருக்கிறது. மனிதக் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால், முக்கியமாகக் காட்டுத்தீயால், ஓசோன் ஏறியது என்று மாநிலம் நிரூபித்து இ.பி.ஏ. ஒப்புக்கொண்டால் அந்த நாட்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். டெட்ராய்ட் பகுதி மார்ஜினல் வகுப்பில் இருந்தது. 2021 ஆகஸ்ட் கெடுவில் தேறவில்லை. அடுத்த வகுப்புக்குப் போகவேண்டிய நேரம். 2022 ஜூன் 24 முதல் 26 வரை, நகரின் ஈஸ்ட் செவன் மைல் மானிட்டரில் வந்த ரீடிங்குகளுக்குக் காரணம் காட்டுத்தீப் புகை என்று மிச்சிகன் மாநிலம் மனுப் போட்டது. இ.பி.ஏ. ஏற்றது. அந்த நாட்களைச் சேர்த்தால் டிசைன் வேல்யூ 70 ஐத் தாண்டும், விட்டால் 70 இல் நிற்கும். 2023 மே மாதம் டெட்ராய்ட் பகுதி பாஸ் என்று அறிவிக்கப்பட்டது. சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது.

மறுபக்கத்தையும் கேளுங்கள். எங்கோ காட்டில் பிடித்த தீக்கு டெட்ராய்ட் பெயிண்ட் ஷாப்பை எப்படிப் பொறுப்பாக்குவது? நியாயமான கேள்வி. ஆனால் கெமிஸ்ட்ரி அவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் கொடுப்பதில்லை. காட்டுத்தீப் புகையில் கரிமச் சேர்மங்கள் ஏராளம், நைட்ரஜன் ஆக்ஸைடு ஒப்பீட்டில் குறைவு. அந்தப் புகை நைட்ரஜன் ஆக்ஸைடு நிறைந்த நகரத்துக்கு மேல் வரும்போதுதான் ஓசோன் வேகமாகப் பொங்கும். மளிகை காட்டிலிருந்து வந்தாலும் பாத்திரம் ஊருடையது. அந்த ஓசோனில் எவ்வளவு தீயின் பங்கு, எவ்வளவு லாரிகளின் பங்கு என்று கோடு கிழிப்பது மாடல் வேலை, மாடலில் பிழை எல்லை உண்டு. ஒன்றிரண்டு பி.பி.பி. வித்தியாசத்தில் பாஸ், ஃபெயில் முடிவாகும்போது அந்தப் பிழை எல்லைதான் உண்மையான நீதிபதி.

விதிவிலக்கு விதி ஒரு காலத்தில் உண்மையிலேயே விதிவிலக்குக்காக இருந்தது. இப்போது ஒவ்வொரு கோடையிலும் மேற்கிலும் கனடாவிலும் காடு எரிகிறது. வருஷாவருஷம் வருவதை விதிவிலக்கு என்று எத்தனை நாள் சொல்வது? அந்த விதியைத் தூக்கிப்போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆலைக்கு அபராதம் போடும் கணக்கில் தீ நாட்களை நீக்கிக்கொள்ளட்டும். ஊர் பாஸ் என்று அறிவிக்கிற அதே தாளில், அதே எழுத்தளவில், நீக்காத எண்ணையும் அச்சிடட்டும். 'சட்டத்துக்கு 70, மூச்சுக்கு இவ்வளவு' என்று ரெண்டு எண். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் அம்மாவுக்குத் தேவை ரெண்டாவது எண். இன்று அதைத் தெரிந்துகொள்ள அவர் டேட்டாபேஸில் போய்த் தோண்ட வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்கிறீர்களா? நம் நாட்டில் 2009 முதல் ஓசோனுக்கு எட்டு மணி நேர வரம்பு இருக்கிறது: ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். 25 டிகிரியில் அது கிட்டத்தட்ட 51 பி.பி.பி. அமெரிக்க வரம்பைவிட நம்முடையது கறாரானது! வருஷத்தில் 98 சதவீத நேரம் அதற்குள் இருக்க வேண்டும், மீதி 2 சதவீதம் தாண்டலாம், ஆனால் அடுத்தடுத்து ரெண்டு நாள் தாண்டக்கூடாது. வரம்பு இவ்வளவு கறார். ஆனால் தேறாத நகரங்கள் என்று நாம் பேசுகிற பட்டியல் பெரும்பாலும் தூசுத் துகளை வைத்துப் போட்டது. ஓசோனில் ஃபெயில் ஆனால் எந்த ஊர், எந்த வகுப்பு, எந்தக் கெடு என்று சண்டை போடக்கூட நமக்கு ஏணிப்படிகள் கிடையாது.

மினி ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுபவர்களுக்கு ஒரு யோசனை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி உள்ளிட்ட நிலையங்களின் டேட்டாவைப் பொதுவில் வைத்திருக்கிறது. மூன்று வருஷத்தை இறக்கி, ஒரே டேட்டாவில் ரெண்டு விதியையும் ஓட்டிப் பாருங்கள், நம்முடைய 98 சதவீதம் ஒரு பக்கம், அவர்களுடைய நாலாவது நாள் ஒரு பக்கம். ஆரம்பிக்கும் முன் விடுபட்ட மணிநேரங்களை என்ன செய்வது என்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். அங்கே எட்டு மணி நேரத்தில் ஆறு மணி நேர ரீடிங்காவது இருக்க வேண்டும், மூன்று வருஷ சராசரியில் 90 சதவீத நாட்களுக்காவது டேட்டா இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாஸ் என்று அறிவிக்க முடியாது. உங்கள் கோடில் முதல் இஃப் கண்டிஷன் அதுவாக இருக்கட்டும்.