99 ரூபாய் லிப்ஸ்டிக் ஆபத்தா? ஆஃபர் மேக்கப்பில் உண்மையான சிக்கல் எங்கே இருக்கு?

இரவு 12 மணி. மகளிர் விடுதி அறையில் லைட் அணைச்சாச்சு, போன் வெளிச்சம் மட்டும்தான். ஷாப்பிங் ஆப்பில் ஆஃபர் திறந்து இரண்டு நிமிஷம்கூட ஆகலை. அதற்குள் கார்ட்டில் 99 ரூபாய்க்கு ஒரு லிக்விட் லிப்ஸ்டிக், 199 ரூபாய்க்கு ஒரு ஃபவுண்டேஷன், 299 ரூபாய்க்குப் பையோடு சேர்த்து 24 பிரஷ் கொண்ட ஒரு செட். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெரிய விலை, அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. கீழே சிவப்பு எழுத்தில் 'இன்னும் 3 மட்டுமே மிச்சம்'.

பார்சல் வந்ததும் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். "சீப்பா கிடைக்குதுன்னு கண்டதையும் பூசாதடி, மூஞ்சி கெட்டுப்போயிடும்."

அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அந்த எச்சரிக்கை பாதிதான் சரி. விலை குறைவு என்பதாலேயே ஒரு லிப்ஸ்டிக் ஆபத்தானது ஆகிவிடாது, 900 ரூபாய் என்பதாலேயே பாதுகாப்பானதும் ஆகிவிடாது. முதல் சம்பளத்தில் 500 ரூபாயை ஒதுக்கி மேக்கப் வாங்கும் பெண்ணிடம் 'காஸ்ட்லியா வாங்கு' என்று சொல்வது அறிவுரையே இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது, கையில் இருக்கும் டப்பா எதைச் சொல்லுது, எதை மறைக்குது என்பதுதான்.

டப்பாவில் இரண்டு முகவரி ஏன்?

பல அழகுசாதனப் பொருட்களின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு முகவரிகள் இருக்கும். தயாரித்தவர் ஒருவர், விற்பனைக்குக் கொண்டு வந்தவர் இன்னொருவர். பிராண்ட் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. ஒரே ஒப்பந்தத் தொழிற்சாலை ஒன்றுக்கு மேற்பட்ட பிராண்டுகளுக்குச் செய்து கொடுப்பது இந்தத் தொழிலில் சகஜம். விலையைக் கூட்டுவதில் உள்ளே இருக்கும் மெழுகுக்கும் நிறமிக்கும் மட்டுமல்ல. டப்பா, விளம்பரம், நடிகை, மால் வாடகை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. சென்னையின் அரவிந்த் லேபரட்டரீஸ் தயாரிக்கும் ஐடெக்ஸ் மை, ஃபேன்சி ஸ்டோர் விலையில்தான் தலைமுறை தாண்டி விற்குது. மலிவு விலைப் பொருள் என்றாலே போலி என்று நினைப்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்லுது? 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ், 2020-ல் அழகுசாதனப் பொருட்களுக்கென்றே தனி விதிகள் வந்தன. இந்தியாவில் தயாரிப்பதற்கு மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் வாங்கணும். அந்த உரிம எண் டப்பாவில் இருக்கணும். வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு என்றால் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரியும் இருக்கணும். எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் கட்டாயம். 99 ரூபாயோ 999 ரூபாயோ, விதி ஒன்றுதான்.

தயாரிப்பதற்கு உரிமம் கேட்கும் சட்டம், அழகுசாதனப் பொருளை விற்கும் கடைக்கு அப்படி ஒரு உரிமம் கேட்பதில்லை. மருந்துக் கடை மாதிரி கிடையாது. அதனால்தான் தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஹேர் கிளிப்புக்குப் பக்கத்திலேயே லிப்ஸ்டிக் குவியல் இருக்கு. அந்தக் குவியலில் உரிம எண்ணோடு இருக்கும் சரக்கும் இருக்கும். பிரபல பிராண்டின் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றிய சரக்கும் இருக்கும். இரண்டும் ஒரே விலைதான். பயப்பட வேண்டியது இரண்டாவதைப் பார்த்து.

பயம் கற்பனை இல்லை. கேரளத்தின் மலப்புரத்தில் 2021 முதல் 2023 வரை சிறுநீரக வடிகட்டியைப் பாதிக்கும் ஒரு நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு ஒரு அபூர்வ வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். பாதரசம்தான் சந்தேகத்தின் மையம். 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழில் அது வெளியானது. 2023-ல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது. வெளுக்கும் கிரீமும் லிப்ஸ்டிக்கும் வேறு வேறு பொருள்தான். ஆனால் இரண்டையும் விற்பது அதே கடை, அதே ஆன்லைன் பக்கம். லேபிள் இல்லாத ஒன்றை வாங்கப் பழகிய கை இன்னொன்றையும் எடுக்கும்.

நிறமிகளில் ஈயம் 10 லட்சத்தில் 20 பங்கையும், ஆர்செனிக் 2 பங்கையும் தாண்டக்கூடாது என்பது இந்திய விதி. இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, விரலில் தேய்த்தும் தெரியாது. தயாரித்தவர் யார் என்று தெரிந்தால்தான் அதிகாரி அங்கே போய்ச் சோதிக்க முடியும், பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்க முடியும். உரிம எண் தர முத்திரை இல்லை; கேள்வி கேட்க ஒரு முகவரி, அவ்வளவுதான். அந்த முகவரிகூட இல்லாத காஜலைக் கண்ணுக்குள் தீட்டுவதுதான் உண்மையான 'சீப்'. ஈயம் கலந்திருக்கும் என்பதால் சுர்மா, கண்மை வகைகள் மேல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. பல வருஷமாக எச்சரிக்கை வைத்திருக்கு.

சின்ன டப்பாவுக்கு ஒரு பெரிய சலுகை

இந்திய விதியில் பலருக்கும் தெரியாத ஓட்டை ஒன்று இருக்கு. ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருட்களை அளவு வரிசையில் அட்டையில் எழுதணும் என்கிறது விதி. ஆனால் திரவம் என்றால் 60 மில்லிக்குக் குறைவாகவும், திடப்பொருள் என்றால் 30 கிராமுக்குக் குறைவாகவும் இருக்கும் பேக்குக்கு அந்தப் பட்டியல் கட்டாயம் இல்லை.

லிப்ஸ்டிக் சுமார் 4 கிராம். காஜல் பென்சில் அரை கிராம்கூட இருக்காது. ஃபவுண்டேஷன் பாட்டில் பெரும்பாலும் 30 மில்லி. அதாவது ஷாம்பூ பாட்டிலில் உள்ளே என்ன இருக்கு என்று சொல்லியாகணும். உதட்டிலும் கண்ணிலும் போடுவதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை! நல்ல நிறுவனங்கள் தாமாகவே அச்சிடுகின்றன. மலிவான சிலதும் அச்சிடுகின்றன. வாசனைப் பொருளோ லானோலினோ ஒத்துக்காத ஒருத்தருக்கு அந்தப் பட்டியல்தான் ஒரே பாதுகாப்பு. டப்பாவில் இடம் இல்லை என்ற காரணம் க்யூஆர் கோடு காலத்தில் செல்லாது. இந்தச் சலுகையை எடுத்துவிட வேண்டும். அதுவரைக்கும் ஒரே விலையில் இரண்டு பொருள் இருந்தால், பட்டியல் போட்டதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

80% தள்ளுபடி, எதிலிருந்து?

அழகுசாதனப் பொருளுக்கு எம்.ஆர்.பி. எவ்வளவு இருக்கணும் என்று எந்த உச்சவரம்பும் இல்லை. 999 என்று அச்சிட்டு 199-க்கு விற்றால் அது 80 சதவீத ஆஃபர். வருஷம் முழுக்க 199-க்கே விற்றாலும் அப்படித்தான். கோடு போட்ட எண்ணைக் கண்டுக்காமல் கிராமுக்கு எவ்வளவு என்று பார்ப்பது நல்லது. உதாரணத்துக்கு, 4 கிராம் லிப்ஸ்டிக் 399 ரூபாய் என்றால் கிராம் சுமார் 100. அதே பிராண்டின் 1.2 கிராம் 'மினி' 149 ரூபாய் என்றால் கிராம் 124. கணக்குப்படி மினி நஷ்டம். ஆனால் ஒரு லிப்ஸ்டிக்கைக் கடைசி வரை தீர்த்தவர்கள் எத்தனை பேர்? புது நிறம் ஒன்றைப் போட்டுப் பார்க்க மினியே போதும். கணக்கு எல்லா நேரத்திலும் ஜெயிக்கணும்னு இல்லை.

அந்த 'இன்னும் 3 மட்டுமே' விஷயத்துக்கு வருவோம். பொய்யான அவசரத்தை உண்டாக்குவது, கேட்காத பொருளைக் கார்ட்டில் சேர்ப்பது, கட்டணத்தைக் கடைசியில் காட்டுவது உள்பட 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியல் போட்டுத் தடை செய்தது. தடை இருந்தும் கவுண்ட்டவுன் கடிகாரம் ஓடிக்கிட்டுதான் இருக்கு. கார்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கி எழுந்து பார்த்தால், ரொம்ப நேரங்களில் அந்த மூன்று பீஸும் அங்கேயேதான் இருக்கும்.

ஆஃபரில் தொலைவது ஷேடு

பணம் உண்மையில் வீணாவது ஃபவுண்டேஷனில், அதுவும் நிறத்தில். பட்ஜெட் பிராண்டுகள் பலவற்றில் ஐவரி, நேச்சுரல், பெய்ஜ், சேண்ட் என்று நாலைந்து ஷேடுதான். கடைசி ஷேடே மாநிறத்தோடு நின்றுவிடும். 2017-ல் அமெரிக்காவில் ஃபென்டி பியூட்டி 40 ஷேடோடு வந்தபோது உலகமே பேசியது. கறுப்பும் மாநிறமுமாக மக்கள் வாழும் நாட்டில் விலை குறைந்த வரிசைக்கு அந்தப் பேச்சு வந்து சேரவே இல்லை. 2020-ல் ஒரு பிரபல கிரீம் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் போனது. ஷேடு அட்டையிலிருந்து அது இன்னும் போகலை.

விளைவு, கல்யாண ஆல்பத்தில் தெரியும். கழுத்து ஒரு நிறம், முகம் சாம்பல் பூத்த மாதிரி இன்னொரு நிறம். பெண்ணைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவருக்கேற்ற ஷேடு அந்த விலையில் கிடைக்கவில்லை என்பதை யாரும் பேசுவதில்லை.

கடையில் என்றால் தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்து, அரை மணி நேரம் விட்டு மறுபடி பார்க்கலாம். சில ஃபவுண்டேஷன்கள் தோல் எண்ணெயோடு சேர்ந்து கொஞ்ச நேரத்தில் ஒரு படி கறுத்துவிடும். மணிக்கட்டில் பார்ப்பது வேஸ்ட். அது முகத்தின் நிறமே இல்லை. டெஸ்டர் லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் வைக்கவே கூடாது. ஆன்லைன் ஆஃபரில் இது எதுவும் முடியாது. அழகுசாதனத்தைத் திறந்துவிட்டால் பெரும்பாலான தளங்கள் திரும்ப வாங்குவதில்லை. சுகாதாரக் காரணம், நியாயம்தான். ஆனால் அப்படியானால் தப்பான ஷேடின் முழு நஷ்டமும் வாங்குபவர் தலையில். அதனால் ஆஃபரில் வாங்க ஏற்றது ஏற்கெனவே கடையில் பார்த்து முடிவு செய்த ஷேடு, அல்லது ஷேடு தேவைப்படாத மஸ்காரா, ஐலைனர், நெயில் பாலிஷ்.

பொருளே உடைந்தோ, போலியாகவோ, பக்கத்தில் சொன்னதற்கு மாறாகவோ வந்தால் கதை வேறு. 'நோ ரிட்டர்ன்' என்று போட்டிருந்தாலும், 2020-ன் மின்வணிக விதிகளின்படி விற்பவர் அதைத் திரும்ப வாங்க மறுக்க முடியாது. மசியலைன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பார்சல் வந்ததும் சீல் உடைக்கும் முன்னாடியே தேதியைப் பார்த்து ஒரு போட்டோ எடுத்து வைத்தால் பின்னால் வாதாட உதவும். ஆஃபரில் தள்ளிவிடப்படும் சரக்கில் தேதி நெருங்கியதும் கலந்திருக்கும்.

பிரஷ்ஷில் கஞ்சத்தனம் தப்பே இல்லை

விலை குறைத்து வாங்க நிம்மதியான பொருள் பிரஷ்தான். செயற்கை இழை பிரஷ் இன்று மலிவாகவே நன்றாகக் கிடைக்குது. கிரீம், லிக்விட் வகைகளுக்கு ஆட்டு முடி பிரஷ்ஷைவிட அதுதான் பொருத்தம். பொருளை உறிஞ்சாது, சீக்கிரம் காயும். தப்பு எண்ணிக்கையில்தான் நடக்குது. 24 பிரஷ்ஷில் பவுடருக்கு ஒன்று, ஃபவுண்டேஷனுக்கு ஒன்று, கண்ணுக்கு இரண்டு என்று நாலு வெளியே வரும். மிச்சம் 20-ம் பையிலேயே இருக்கும், அல்லது தங்கச்சி வாட்டர் கலருக்கு எடுத்துப்பா. அதே 299-க்கு நல்ல பிரஷ் இரண்டு, மூன்று வாங்கிடலாம்.

வந்ததும் முகத்தில் வைக்காமல் முதலில் உள்ளங்கையில் சுழற்றிப் பார்க்கணும். குத்தினால் கன்னத்திலும் குத்தும். இழையை விரலால் மெல்ல இழுத்தால் ஒன்றிரண்டு உதிர்வது சகஜம். கொத்தாக வந்தால் பசை சரியில்லை, திருப்பி அனுப்ப இதுவே நேரம். உலோக வளையம் ஆடுதா என்றும் பார்க்கணும். இது தேறினால் மைல்டு ஷாம்பூவும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு ஒரு கழுவல். சாயம் இறங்கும் பிரஷ் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்கப்புறம் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை கழுவணும் என்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் அமைப்பு. சென்னை வியர்வையில் ஒரு வாரம் என்றே வைத்துக்கொள்ளலாம். 2,000 ரூபாய் பிரஷ்ஷைக் கழுவாமல் வைத்திருப்பவரைவிட, 100 ரூபாய் பிரஷ்ஷை ஞாயிற்றுக்கிழமைதோறும் கழுவுபவரின் முகத்துக்குத்தான் பரு ஆபத்து குறைவு. காயப்போடும்போது மட்டும் டம்ளரில் நிமிர்த்தி வைக்கக்கூடாது. தண்ணீர் வளையத்துக்குள் இறங்கிப் பசையை இளக்கிவிடும். துண்டு விரித்துப் படுக்கப் போட்டு, முனை மேஜை விளிம்பைத் தாண்டி வெளியே இருக்கும்படி விட்டால் ராத்திரியோட காய்ந்துவிடும்.