எதிரில் அமர்ந்திருப்பது எண் அன்று

இரண்டாம் ஆண்டில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான சதுரங்கப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டேன். எனக்கு வாய்த்த எதிராளியின் தரப்புள்ளி 1900, என்னுடையது 1500. பட்டியலைப் பார்த்ததுமே கை சில்லிட்டுவிட்டது.

ஆனால், 27ஆம் நகர்த்தலில் என்னிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது. அவருடைய ராஜாவுக்குப் பாதுகாப்பில்லை. கடிகாரத்தில் நேரமும் இல்லை. அந்த நிலையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? “டிரா செய்துகொள்ளலாமா?” என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் அவர் கையை நீட்டிவிட்டார்.

நண்பர்கள் தட்டிக்கொடுத்தார்கள். பேரவை அண்ணன் ஒருவர் மட்டும், “தம்பி, நீ பலகையைப் பார்த்து ஆடல; பட்டியலைப் பார்த்து ஆடின” என்றார். இன்றும் அது உறுத்துகிறது.

தரப்புள்ளி பொய் சொல்வதில்லை. இயற்பியல் பேராசிரியர் அர்பாட் ஈலோ வகுத்த இம்முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 400 புள்ளி இடைவெளி என்றால், 11 ஆட்டங்களில் வலியவருக்கு 10 புள்ளி, எளியவருக்கு 1 புள்ளி எதிர்பார்க்கலாம். ஆனால், அதே கணக்கின் மறுபக்கத்தை நாம் பார்ப்பதில்லை. மாற்றக் காரணி 20 எனக் கொண்டால், நான் தோற்றிருந்தால் இழப்பு ஏறத்தாழ 2 புள்ளிதான். வென்றிருந்தால் வரவு 18. அவருக்கோ நேர்மாறு. அஞ்ச வேண்டியவர் அவர்; அஞ்சியவன் நான்!

2022 பிப்ரவரியில் இணையவழி விரைவு ஆட்டமொன்றில், 16 வயதுச் சென்னைச் சிறுவன் பிரக்ஞானந்தா அன்றைய உலக வெற்றியாளர் மேக்னஸ் கார்ல்சனைக் கறுப்புக் காய்களுடன் 39 நகர்த்தல்களில் வென்றார். இருவருக்குமிடையே ஏறத்தாழ 250 புள்ளி இடைவெளி. கார்ல்சன் தவறு செய்தார். அதைப் பயன்படுத்திக்கொள்ளும் துணிவு எதிரே இருந்தது.

வலியவரோடு சமன் செய்வது இழுக்கன்று. தோற்கும் நிலையில் போராடிப் பெற்ற சமன் பெருமைதான். வெல்லும் நிலையில் அச்சத்தால் கேட்ட சமனோ, நாமே எழுதிக்கொடுத்த தோல்வி.

நண்பர்களே, இது சதுரங்கத்தோடு முடிகிறதா? அடுத்தவரின் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு, உபகாரச் சம்பள விண்ணப்பத்தை நிரப்பாமலேயே மடித்து வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? எண் கடந்த காலத்தைச் சொல்லும். இன்றைய ஆட்டத்தை ஆடாது.

மீண்டும் அவரோடு அமர வாய்ப்புக் கிடைத்தால், டிரா வேண்டுமென்று நான் கேட்கப் போவதில்லை. வேண்டுமானால் அவர் கேட்கட்டும்.