மூச்சும் ஓர் அமானிதமே



எம் மதரஸாவில் ஓதும் ஒரு மாணவன் சில நாட்களாக நீண்ட ஆயத்துகளின் நடுவே நிறுத்தி மூச்சு வாங்கினான். தஜ்வீதில் உள்ள குறை என்றெண்ணித் திருத்தினேன். "நல்லாத்தான் இருக்கேன் ஹஜ்ரத்" என்றான். சிறுவயது முதலே ஆஸ்துமா உள்ளவன். அடுத்த வாரமே, நள்ளிரவில் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். அவன் பொய் சொல்லவில்லை. மூச்சுக்குழாய் சிறுகச் சிறுகச் சுருங்கும்போது உடல் அதற்குப் பழகிவிடுகிறது, குறைவு உணரப்படுவதில்லை.

அந்தக் குறைவைக் காட்டும் எளிய கருவியே பீக் ஃப்ளோ மீட்டர். முள்ளைக் கீழே இறக்கி, எழுந்து நின்று, மூச்சை நிரம்ப இழுத்து, குழாயை உதடுகளால் இறுக மூடி, ஒரே மூச்சில் இயன்றவரை பலமாகவும் வேகமாகவும் ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, உயர்ந்த அளவைக் குறிக்க வேண்டும். காலையும் மாலையும் இவ்வாறு செய்து, நோய் கட்டுக்குள் இருக்கும் நாட்களில் கிடைக்கும் மிக உயர்ந்த அளவே அவரவர்க்கான அடிப்படை. அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் பச்சை. 50 முதல் 80 வரை மஞ்சள், அதாவது எச்சரிக்கை. 50-க்குக் கீழ் சிவப்பு. சிவப்பெனில் நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோயை உறுதிசெய்ய மருத்துவர் செய்யும் ஸ்பைரோமெட்ரி இதனினும் விரிவான சோதனை.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான், அளவு எதற்கு?" எனச் சிலர் கேட்கின்றனர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் அறிவோம். அளந்து பார்ப்பது ஒட்டகத்தைக் கட்டுவது போன்றதே. நம் நெய்வேலியில் வெட்டும் நிலக்கரிக்கு டன் கணக்கு உண்டு. பிறக்கும் மின்சாரத்துக்கு மெகாவாட் கணக்கு உண்டு. புழுதியும் மார்கழிப் பனியும் சூழ்ந்த இவ்வூரில், அல்லாஹ் தந்த மூச்சுக்கு மட்டும் கணக்கு வேண்டாமா?

ரமலானில் இக்கணக்கு இன்னும் இன்றியமையாதது. நோன்புக்காகத் தடுப்பு இன்ஹேலரையே நிறுத்திவிடுவோர் உள்ளனர். நாளுக்கு இருவேளை மருந்தெனில், மருத்துவரின் ஆலோசனையுடன் சஹரிலும் இஃப்தாரிலும் எடுத்துக்கொள்ளலாம். பகலில் இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யும் சலுகையை அல்லாஹ்வே அளித்துள்ளான். மூச்சுத் திணறும்போது மருந்தை மறுப்பது பேணுதலாகாது.

ஆகவே, ரமலானுக்கு முன்பே இரு வாரங்கள் அளந்து எழுதி, அந்தக் குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கருவி வாங்க இயலாத குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் பைத்துல்மால் உதவட்டும். அம்மாணவன் இப்போது அளந்துவிட்டே ஓத வருகிறான். மஞ்சள் எனில் என்னிடம் சொல்லிவிடுகிறான்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.