2 டாலர் முகமூடியும் 'அசல்' சண்டையும்... திகில் பட ரசிகர்கள் நகலை எடைபோடுவது எப்படி?

1978-ல் வெளியான 'ஹாலோவீன்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளை முகம் மறக்காது. கோபம், சிரிப்பு, சோகம் என எதுவுமே இல்லாத முகம். மைக்கேல் மையர்ஸ் கையில் இருந்த கத்தியைவிட அந்த முகமூடிதான் அதிகம் பயமுறுத்தியது. அது யாருடைய முகம் தெரியுமா? 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னருடையது!

இயக்குநர் ஜான் கார்பென்டரின் கையில் இருந்தது சுமார் 3 லட்சம் டாலர்தான். தனியாக முகமூடி செய்யக் காசு இல்லை. கலை வடிவமைப்பைப் பார்த்துக்கொண்ட டாமி லீ வாலஸ், ஹாலிவுட்டில் ஒரு கடைக்குப் போய் ரப்பர் முகமூடிகள் வாங்கி வந்தார். ஒன்று கோமாளி. இன்னொன்று, டான் போஸ்ட் ஸ்டூடியோஸ் தயாரித்த கேப்டன் கிர்க். கிர்க்கின் விலை 2 டாலருக்கும் குறைவு. அதன் புருவத்தையும் கிருதாவையும் நீக்கி, கண் துளைகளைப் பெரிதாக்கி, முகத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, முடியைக் கலைத்துவிட்டார். அவ்வளவுதான், மைக்கேல் மையர்ஸ் தயார்.

இன்று இந்த முகத்தின் நகலுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் பணம் கொட்டுகிறார்கள். சாதாரண நகல் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். கைவேலை கூடக்கூட, விலை பல மடங்கு ஏறும். கூடவே ஏமாற்றும் ஏறும். அதனால், 'இது அசலா?' என்ற கேள்வி சேகரிப்பவர்களிடம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

எந்த அசல்?

இந்தக் கேள்விக்கு 'ஆமாம்', 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால், இங்கே பல படிகள் உண்டு. படப்பிடிப்பில் நடிகர் மாட்டிய முகமூடி முதல் படி. அடுத்தது, உரிமை வாங்கிய நிறுவனம் விற்பது. அமெரிக்காவின் 'ட்ரிக் ஆர் ட்ரீட் ஸ்டூடியோஸ்' இப்படி 'ஹாலோவீன்' பட வரிசையின் முகமூடிகளைத் தயாரிக்கிறது. மூன்றாவது, படத்தை நூறு முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ரசிகரே களிமண்ணில் செதுக்கிச் செய்வது. கடைசிப் படி, அடுத்தவர் செய்த முகமூடியிலிருந்தே அச்சு எடுத்துப் போடும் 'ரீகாஸ்ட்'.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உரிமை பெற்ற முகமூடி சட்டப்படி அசல். ஆனால், பார்வைக்குப் படத்தில் வந்ததுபோல இல்லாமல் போகலாம். ரசிகர் செய்தது அச்சு அசலாக இருக்கலாம். அதற்கு உரிமை இருக்காது. எனவே, பெட்டியில் உள்ள முத்திரையைத் தேடுகிறோமா, திரையில் பார்த்த முகத்தைத் தேடுகிறோமா என்பதை வாங்குபவர் முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சுருங்கினால் சந்தேகம்!

சேகரிப்பவர்கள் அதிகம் வெறுப்பது ரீகாஸ்ட்டைத்தான். மாதக்கணக்கில் ஒருவர் செதுக்கியதை, இன்னொருவர் சில நாள்களில் திருடிவிடுகிறார். அதைக் கண்டுபிடிக்க உதவுவது ஒரு சாதாரண டேப்.

பெரும்பாலான முகமூடிகள் லேடெக்ஸில் செய்யப்படுகின்றன. கன்னியாகுமரி ரப்பர் தோட்டங்களில் மரத்திலிருந்து வடிகிறதே, அந்தப் பால்தான் இதன் மூலப்பொருள். இதை பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றினால், பிளாஸ்டர் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அச்சின் உட்சுவரில் ரப்பர் தோல்போலப் படியும். மிச்சத்தைக் கொட்டிவிட்டு, காயவைத்து உரித்தால் முகமூடி ரெடி.

காயும்போது லேடெக்ஸ் கொஞ்சம் சுருங்கும். அப்படிச் சுருங்கியதிலிருந்து மறுபடி அச்சு எடுத்தால், அடுத்தது இன்னும் சிறியதாகும். நகலின் நகலில் தோல் துளைகளும் மெல்லிய சுருக்கங்களும் மழுங்கிப்போகும். காதுக்குக் காது, நெற்றியிலிருந்து தாடை வரை அளந்து, முதலில் செய்தவர் சொல்லும் அளவோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒரே முகமூடி, இரண்டு முகம்!

புகைப்படத்தை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். 1981-ல் வந்த 'ஹாலோவீன் 2' படத்தில் பயன்பட்டது அதே பழைய முகமூடி. ஆனால், முதல் படத்தில் அதை மாட்டியவர் நிக் கேஸில். இரண்டாவதில் டிக் வார்லாக். தலையின் வடிவம் மாறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ரப்பரும் பெயின்ட்டும் பழசாகியிருந்தன. திரையில் பார்த்தால் வேறு முகமூடி என்றே தோன்றும். 'படத்தில் வந்ததுபோல இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், 'எந்தப் படத்தில், எந்தக் காட்சியில்?' என்று கேட்க வேண்டும்.

ஜேசனின் ஹாக்கி முகமூடிக்கும் இதே கதைதான். அது 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' வரிசையின் 3-ம் பாகத்தில், 1982-ல்தான் அறிமுகமானது. நெற்றியில் கோடரி வெட்டு விழுவது அந்தப் படத்தின் கிளைமாக்ஸில். வெட்டுத் தழும்போடு இருப்பதை '3-ம் பாகத்தின் ஆரம்பக் காட்சியில் வருவது' என்று யாராவது விற்றால், அவர் படத்தையே சரியாகப் பார்க்கவில்லை!

'ஸ்க்ரீம்' விஷயத்தில் எல்லாமே தலைகீழ். 1996-ல் வந்த அந்தப் படத்தின் கோஸ்ட்ஃபேஸ், 'ஃபன் வேர்ல்டு' நிறுவனம் ஏற்கெனவே கடைகளில் விற்றுவந்த சரக்கு. படப்பிடிப்புக்கு இடம் தேடிப் போனபோது, ஒரு வீட்டில் படக்குழுவின் கண்ணில் பட்டது. இங்கே கடைச் சரக்குதான் அசல். அதனால், உள்ளே பதிந்திருக்கும் நிறுவன முத்திரையையும் டேக்கையும் பார்க்கிறார்கள். 'படத்துக்கு முந்தைய பழைய பீஸ்' என்று விற்கப்படுவதன் டேக்கில் படத்தின் பெயர் இருந்தால், சொல்வது பொய்.

டீ டிக்காஷன் வயசு

லேடெக்ஸுக்கு ஆயுள் குறைவு. காற்று, வெயில், சூடு மூன்றும் அதன் எதிரிகள். ஆண்டுகள் போகப்போக நிறம் மாறும், விறைக்கும், வெடிக்கும். 40 ஆண்டு பழசு என்று சொல்லப்படும் முகமூடி பலூன்போல இழுபட்டால் யோசிக்க வேண்டும். டீ டிக்காஷனோ பழுப்பு பெயின்ட்டோ பூசி வயதைக் கூட்டுபவர்களும் இருக்கிறார்கள். வெளியே பழுப்பு, உள்ளே புதுசு என்றால் அது பூச்சு வேலையாக இருக்கலாம்.

சான்றிதழ் இருந்தால் போதுமா? அது ஒரு காகிதம். யார் கொடுத்தார், எதை வைத்துக் கொடுத்தார் என்பதுதான் முக்கியம். திரையில் பயன்பட்டது என்று உறுதிசெய்ய, படத்தின் காட்சியையும் கையில் உள்ள முகமூடியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். காற்றுக்குமிழ்த் தழும்பு, கீறல், பெயின்ட் சிதறல் போன்றவை இடம் மாறாமல் பொருந்த வேண்டும். இவை கைரேகை மாதிரி.

வீட்டுச் சுவரில் மாட்ட, அக்டோபர் 31 அன்று நண்பர்களைப் பயமுறுத்த என்றால், நகல் என்று சொல்லி விற்கும் நகலே போதும். அதில் அவமானம் எதுவும் இல்லை. அந்த வெள்ளை முகமே கேப்டன் கிர்க்கிடமிருந்து வந்ததுதானே! சேமிப்பைக் கொட்டி வாங்குவதாக இருந்தால் மட்டும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். யார் செதுக்கியது? எந்த அச்சிலிருந்து வந்தது? இதற்கு முன் யாரிடம் இருந்தது? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் நழுவும் விற்பனையாளரிடம் பர்ஸைத் திறக்காமல் இருப்பதே நல்லது.