ஒளிர்ற இடமெல்லாம் கிருமி இல்லை

செயற்கை முழங்கால் வைச்ச அம்மம்மா ஒருவருக்கு இரண்டு வருசம் கழிச்சு நோ தொடங்குது என்று வையுங்கோ. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. மூட்டு தளர்ந்துபோச்சா, இல்லை உள்ளுக்குக் கிருமி இருக்கா? தளர்ந்ததென்றால் ஒரு சத்திரசிகிச்சையோடு மாத்திவிடலாம். நாட்பட்ட கிருமியென்றால், பெரும்பாலும் மூட்டைக் கழற்றி, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, பிறகு இன்னொருக்கா வெட்டவேணும். ஆள் பிழையாகக் கணித்தால் வெட்டு வாங்கிறது அம்மம்மாதான்.

சாதாரண எலும்பு ஸ்கான் இதுக்குக் கனக்க உதவாது. எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும் எந்த இடத்திலும் அது ஒளிரும். நோயாளியின் வெண்குருதிக் கலங்களைப் பிரிச்செடுத்து, கதிரியக்கம் ஏற்றி, திரும்பச் செலுத்தும் ஸ்கான் நல்லது. ஆனால் அதுக்கு மணித்தியாலக் கணக்கில் வேலை, பழகின ஆக்கள், சுத்தமான ஆய்வுகூடம் எல்லாம் வேணும்.

1990களில் லண்டன் சென் பார்த்தலமியூ வைத்தியசாலையில் கீத் பிரிட்டனின் குழு வேறொரு வழி பார்த்தது. கிருமியைக் கொல்லும் மருந்தையே கிருமியைத் தேட அனுப்பினால் என்ன? சிப்ரோபுளொக்சசினோடு தெக்னீசியம்-99எம்மைச் சேர்த்தார்கள். அதன் அரைவாழ்வுக்காலம் 6 மணித்தியாலம்தான். மருந்து பற்றீரியாவின் டிஎன்ஏ கைரேஸ் என்ற நொதியத்தைப் பிடிக்கும்; எங்கட கலங்களில் அந்த நொதியம் இல்லை. ஆகவே ஒளிர்ற இடத்தில் உயிருள்ள கிருமி இருக்கவேணும் என்பது கணக்கு. பெயர் இன்பெக்ரன். ஒரு ஊசி, பிறகு காமாக் கமரா, அவ்வளவுதான். 8 நாடுகளில் 879 பேரில் பார்த்தபோது, தொற்றுள்ள இடங்களில் 100க்கு ஏறத்தாழ 85 ஐக் கண்டுபிடித்தது.

பிறகு, 2002இல் முயல்களுக்குச் செயற்கை முழங்கால் வைச்சு, சிலதுக்கு மட்டும் கிருமியை ஏற்றிப் பார்த்தார்கள். கிருமி உள்ளதும் இல்லாததும் இரண்டும் ஒளிர்ந்தது! வீங்கின இடத்துக்கு இரத்தம் கூடப் போகும், நாளங்கள் கசியும். அங்கே எந்தச் சின்ன மூலக்கூறும் போய்த் தேங்கலாம், அதுக்குக் கைரேஸ் தேவையில்லை.

என்னைக் கேட்டால், இங்கே ஆக்களை மயக்கினது அந்தக் கதையின் வடிவுதான். வேட்டைக்காரனையே ஒற்றனாக்கிற கதை யாருக்குத்தான் பிடிக்காது? (எனக்கும் பிடிச்சுது.) ஆனால் சுகமான முழங்காலோடு ஒப்பிட்டால் எந்த ஸ்கானும் கெட்டித்தனமாகத்தான் தெரியும். கிருமியில்லாமல் வீங்கின முழங்காலோடு ஒப்பிட்டீர்களா என்றுதான் முதல் கேக்கவேணும். அம்மம்மாவின்ர சிக்கலே அதுதானே.

அதுக்காக முயற்சியைக் கைவிடச் சொல்லேல்லை. இப்ப புளோரின்-18 ஏற்றின சோர்பிற்றோல் என்ற சீனி மதுசாரத்தை வைச்சுப் பார்க்கினம். ஈ கோலை குடும்பப் பற்றீரியாக்கள் அதை உள்ளெடுக்கும், எங்கட கலங்கள் எடுக்கிறேல்லை. இதுவும் வடிவான கதைதான். ஆனால் செயற்கை மூட்டில் அடிக்கடி வந்து இருக்கிறது ஸ்டபைலோகொக்கஸ். அது அந்தச் சீனியைத் தொடாது. ஆகவே இன்றைக்கும் மூட்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்து, ஆய்வுகூடத்தில் கிருமியை வளர்த்துத்தான் பார்க்கினம்.