புகையிரதம் வடக்கிலிருந்து வந்தது

சென்ற தவணையின் இறுதியிலே மாணவருக்கு 'எமது ஊர்ப் புகையிரத நிலையம்' என்னும் பொருள்பற்றிக் கட்டுரை வரையுமாறு பணித்தேன். எல்லாரும் சாவகச்சேரியையும் அதன் அயற்கிராமங்களையும் சேர்ந்த பிள்ளைகள். பிழையற எழுதினோரும் உளர். அழகுற எழுதினோரும் உளர். எனினும் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தோடு தொடங்கின: 'எமது ஊருக்கு 2014ஆம் ஆண்டு புகையிரதம் வந்தது.' சற்று வாசிப்புள்ள பிள்ளைகள் சிலர், கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் பாதை திறக்கப்பட்டமையைக் கூறி, 'பின்னர் அது வடக்கிற்கும் நீட்டப்பட்டது' என ஒரு வரியில் முடித்திருந்தனர்.

பிள்ளைகளை நான் குறைகூறேன். தாம் பிறந்தபின் கண்டதை எழுதினர். அல்லது கைக்கெட்டிய நூலிற் கண்டதை எழுதினர். ஆயின் இவ்விரு கூற்றும் எம்மூர் நிலையத்தின் சரித்திரமாகா. முன்னதிலே நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் காணாமற் போயின. பின்னதிலே திசையே மாறிவிட்டது. சாவகச்சேரிக்குப் புகையிரதம் தெற்கிலிருந்து வரவில்லை. வடக்கிலிருந்து, கடற்கரையிலிருந்து வந்தது.

1902ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் நாள் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஏறக்குறைய இருபத்தொரு மைல் நீளமான பாதை திறக்கப்பட்டது. அன்று அப்பாதைக்குக் கொழும்போடு யாதொரு தொடர்பும் இல்லை. இடையே வன்னிப் பெருங்காடு கிடந்தது. தீவொன்றினுள்ளே இன்னொரு தீவுபோல் அப்பாதை தனித்திருந்தது. தெற்கோடு தொடுக்கப்படாத பாதைக்குத் தண்டவாளமும் எஞ்சினும் பெட்டிகளும் கடல்வழியாலன்றி வேறெவ்வழியால் வந்திருத்தல் கூடும்? காங்கேசன்துறையைத் தலையாகக் கொண்டு பாதை தொடங்கிய காரணம் இதனால் விளங்கும். அன்று அதன் வால் எம்மூர். வண்டியிலிருந்து இறங்கியோர் அப்பால் கிளாலிக்கோ பளைக்கோ போவதாயின் மாட்டுவண்டியை நாடவேண்டும். ஏறக்குறைய அரையாண்டுக்காலம் சாவகச்சேரி ஒரு முடிவிடமாக இருந்தது. அவ்வாண்டு செப்டெம்பரிலே பாதை பளைவரை நீண்டபோது அப்பெருமை பளைக்குச் சென்றது. 1905 ஆகத்து முதலாம் நாளன்றுதான் யாழ்ப்பாணமும் கொழும்பும் ஒரே பாதையால் இணைந்தன.

இதனை ஏன் இத்துணை விரித்துரைக்கின்றேன் எனின், மூன்றாண்டுக்கு மேலாக எம்மவர் புகையிரதத்தைத் தமக்குள்ளேயே வைத்திருந்தனர் என்பதை உணர்த்தற்பொருட்டே. கண்டிப்பாதை கோப்பிக்காக இடப்பட்டது. எமது பாதையின் முதற்பகுதியோ தோட்டத்துரையையும் அறியாது, தலைநகரையும் அறியாது. சந்தைக்குப் போவோரையும், நீதித்தலத்துக்குப் போவோரையும், பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளையும் சுமந்து நாவற்குழிக் கடல்நீரேரியைக் கடந்து சென்றது. கொழும்பு பின்னர் வந்து சேர்ந்துகொண்டது. 'வடக்கிற்கும் நீட்டப்பட்டது' என எழுதும் கை, எம்மூரைப் பிறர் முற்றத்தின் மூலையாக எண்ணும் கை. கொழும்பிலே நின்று எழுதுவோர் அங்ஙனம் எழுதுக. அது அவர்தம் இடம். சாவகச்சேரி மேடையிலே நிற்பவனுக்கு அப்பார்வை எதற்கு?

ஊர்ப்பெயரைப்பற்றியும் ஒரு சொல். சாவகர் இருந்த சேரி சாவகச்சேரி என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே மலாய்த் தீபகற்பத்திலிருந்து படையோடு வந்த சந்திரபானு என்னும் அரசனோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவோர் பலர். சாவகர் வந்த அத்திசைக்கே எம்மூர் இளைஞர் பின்னர் பெயர்ந்தமை வியப்பன்றோ! யாழ்ப்பாணத்திலே தண்டவாளம் இடப்படுமுன்னரே யாழ்ப்பாணத்து வாலிபர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலே எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் கடமையாற்றினர். இலங்கையிலே பொறியியலாளராக இருந்து அங்குச் சென்ற ஸ்பூனர் என்னும் துரை, எம்மவரின் ஆங்கிலக் கல்வியை அறிந்து அவர்களை அழைத்துக்கொண்டார். தம்மூருக்கு வண்டி வருமுன் அந்நியநாட்டு வண்டிகளுக்குப் பச்சைக்கொடி காட்டியவர் எம்மவர். 1905இன் பின் அவர்தம் தம்பியரும் மருமக்களும் எம்மூர் நிலையத்திலேயே ஏறிக் கொழும்புத் துறைமுகத்துக்குச் சென்றனர். தென்மராட்சியிலே இன்றும் பழைய கல்வீடுகளைக் காட்டி, 'அது மலாயாப் பென்சன்காரர் வீடு' என்பர் முதியோர்.

பின்னாளிலே கொழும்பு உத்தியோகமே எமக்கு வாழ்வாயிற்று. 1956ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள் 'யாழ் தேவி' ஓடத்தொடங்கியது. இரவிலே ஓடிய தபால்வண்டியை மக்கள் 'மெயில்' என்றே வழங்கினர். என் சிறுபிராயத்திலே, மாம்பழக் காலத்தில் நிலையத்தை அணுகுமுன்னரே மணம் எதிர்கொள்ளும். மட்டுவிலும் மீசாலையும் தந்த மாம்பழமும் பலாப்பழமும் பனையோலைக் கடகங்களிலே கட்டுண்டு மேடையிலே வரிசையாயிருக்கும். ஒடியலும் பனாட்டும் குட்டான்களிலே கொழும்புப் பிள்ளைகளுக்குப் போகும். அவற்றுக்கு ஈடாக வந்தவை மணியோடர்களும் விடுமுறை நாள்களும். அப்பு ஒருவர் மகனை ஏற்றிவிட்டு, வண்டியின் சிவப்பு விளக்கு மறையும்வரை நின்று, பின் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு துவிச்சக்கர வண்டியிலே திரும்புவார். அவர் ஒருவரல்லர், கிழமைதோறும் அவரையொத்த பலர். இது எந்நூலிலே எழுதப்பட்டுள்ளது?

1990 யூனிலே யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. அப்பொழுது யான் இளைஞன். சில நாளிலே மீண்டும் ஓடும் என்றிருந்தோம். தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுக் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் கூரை தாங்கின. சிலிப்பர்க்கட்டைகளும் அவ்வழியே போயின. பாதைமேட்டிலே நாயுருவியும் காரையும் மண்டின. 2000ஆம் ஆண்டுப் போரிலே நகரின் பெரும்பகுதி அழிந்தது. இவற்றை விரித்தெழுத மனம் இடங்கொடாது; எழுதவும் வேண்டியதில்லை, கண்டவர் இன்னும் உளர்.

போர் முடிந்தபின் இந்திய நிறுவனமொன்றின் கைவேலையால் பாதை மீண்டும் வடக்கு நோக்கி வந்தது. 2014 மார்ச்சிலே பளைவரை. அவ்வாண்டு ஒக்டோபர் 13ஆம் நாள் யாழ்ப்பாணம்வரை. 2015 சனவரியிலே காங்கேசன்துறைவரை. இம்முறை மெய்யாகவே தெற்கிலிருந்துதான் வந்தது. பளை இருமுறை முடிவிடமாயிற்று என்பதைக் கவனிக்க: 1902இலே வடக்கிலிருந்து வந்த பாதைக்கு, 2014இலே தெற்கிலிருந்து வந்த பாதைக்கு. பிள்ளைகள் கண்டது இவ்விரண்டாம் வருகையையே.

இனி, பெயர்பற்றிய வழக்கொன்று. புகை போய் நெடுங்காலமாயிற்றே, இன்னும் 'புகையிரதம்' என்பானேன், 'தொடருந்து' எனலாகாதா என இளம் ஆசிரியர் சிலர் என்னோடு வாதிடுவர். புகை போன காலத்தை யானும் அறிவேன். கனடா நாடு கொழும்புத் திட்டத்தின்கீழ் ஈந்த டீசல் எஞ்சின்கள் 1954இலேயே இலங்கைக்கு வந்துவிட்டன. எனினும் எள்ளின் நெய்யே எண்ணெய் என்பதனால், தேங்காய் நெய்யைத் தேங்காயெண்ணெய் என்னாது விடுகின்றோமா? பிறந்த காரணத்தைக் கடந்து வாழ்தல் சொற்களுக்கு இயல்பு. 'தொடருந்து' என்பது வண்டியின் வடிவை மட்டும் கூறும். 'புகையிரதம்' என்பதோ அதனை முதன்முதற் கண்டவரின் வியப்பையும் உடன்கூறும். புகை கக்கும் எஞ்சினைக் கண்டு தேரை நினைந்தவர் தேர்த்திருவிழாக் கண்ட ஊரவரே ஆதல் வேண்டும். அச்சொல்லை விடுத்தால் அவரையும் விடுத்தவராவோம். பேச்சிலே 'கோச்சி' என வழங்கியோரும் இருந்தனர். அதனையும் குறித்துவைத்தல் நன்று.

தென்மராட்சி ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் இது. அடுத்த தவணையிலே இப்பொருளைக் கொடுக்கும்போது நூலைப் பாராது முதியோரைக் கேட்டெழுதுமாறு பணியுங்கள். 1990இன் முன் நிலையத்திலே வேலைசெய்தோர், சீசன் ரிக்கற்றிலே யாழ்ப்பாணம் சென்று படித்தோர், கடகம் ஏற்றிய வணிகர், கடவையிலே படலை சாத்தியோர் ஆகியோரை விசாரிக்கட்டும். அவர்களுள் இளையோரே அறுபதை அணுகிவிட்டனர். கொடிகாமத்துக்கும் மீசாலைக்கும் சங்கத்தானைக்கும் நாவற்குழிக்கும் தனித்தனிக் கதைகள் உண்டு. இவற்றைத் திரட்டுதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டாம்; ஓர் அப்பியாசக்கொப்பி போதும். சிதைந்த நிலையத்தையும் வெறும் பாதைமேட்டையும் படம்பிடித்து வைத்திருப்போர் படியொன்றைப் பாடசாலை நூலகத்துக்கு அளிப்பாராக. புதிய கட்டடத்தின் அழகினால் பழையதன் நினைவே அற்றுப்போகின்றது.

கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்த அன்று இவற்றையெல்லாம் வகுப்பிலே கூறினேன். கேட்டிருந்த மாணவியொருத்தி, தன் பழைய ஆரம்பப் பாடசாலையிலே மணியாகத் தொங்குவது ஒரு தண்டவாளத் துண்டு என்றாள். எங்கிருந்து வந்தது எனக் கேட்டேன். 'தெரியாது ஐயா, அம்மப்பாவைக் கேட்டுக்கொண்டு வாறன்' என்றாள். திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கின்றாள்.