யானையின் நீர்முறை

அச்சன்புதூருக்கு மேற்கே வடகரை, மேக்கரைத் தோப்புகளில் யானைகள் இறங்கிவிட்டால், மறுநாள் செய்தித்தாள்களில் ‘யானைகள் அட்டகாசம்’ என்ற தலைப்பு தவறாமல் வந்துவிடுகிறது. அட்டகாசம் செய்வது யார் என்று நாம் கேட்க விரும்புகிறோம்.

தோப்பை இழந்தவரின் துயரை நாம் இகழவில்லை. ஆண்டுக்கணக்கில் வளர்த்த தென்னையின் குருத்து ஒரே இரவில் போய்விட்டால் வயிறு எரியத்தான் செய்யும். ஆயினும் அச்சினம் திரும்ப வேண்டிய திசை வேறு.

அடவிநயினார் அணைக்கு வரும் அனுமன் நதி நம் வயல்களுக்கென்று மட்டும் பிறந்ததன்று. யானைக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அது நம்பியிருக்கும் மலையோடைகளைத்தான் விடுதிக்காரர் சிலர் மறித்துத் திருப்பி, சிமென்ட்டுப் பாறை கட்டி, ‘செயற்கை அருவி’ என்று காசு பார்த்தனர். குற்றாலத்திற்குப் பக்கத்திலேயே செயற்கை அருவி! 2022இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட நேர்ந்தது.

அங்கே குளிக்கப் போனவர்கள் யார்? சாரல் மாதத்தில் வேன் பிடித்து, பிரியாணிச் சட்டியோடு நம் குடும்பங்களும்தாம் போயின. வளைகுடாவில் வியர்வை சிந்திய பணத்தை மலையடியில் போட்டு வேலி வளைக்கும் ஆசையும் நம்மவர்க்கு இல்லாமலில்லை.

ஸமூது கூட்டத்தாரின் வரலாற்றை ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! நபி ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகத்திற்கு ஒரு நாள், ஊராருக்கு ஒரு நாள் என்று தண்ணீரில் முறை வகுக்கப்பட்டதைத் திருமறையின் 26ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. முறை வைத்து வாய்க்கால் நீர் பாய்ச்சும் நம் விவசாயிக்கு இதற்கு விளக்கவுரை வேண்டுமா? அம்முறையைப் பொறாமல்தானே அவர்கள் ஒட்டகத்தை வெட்டி வீழ்த்தினர்?

‘அது இறைவனின் அத்தாட்சியாக வந்த ஒட்டகம், காட்டு யானைக்கு அது பொருந்தாது’ என்பாரும் உளர். அவர்கள் மதீனாவைப் பார்க்கட்டும். அந்நகரின் இரு கருங்கல் வெளிகளுக்கிடையே மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அங்கே வாழ்ந்தவை வெறும் காட்டுப் பிராணிகளே. அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டதோ 2022இல்!

வரும் சாரலில் ஐந்தருவிக்கோ பழைய குற்றாலத்திற்கோ செல்வோம். மதிலுக்குள் விழும் அருவிக்குச் சீட்டு வாங்க நேர்ந்தால், இது எந்த ஓடையின் தண்ணீர் என்று முதலில் கேட்போம். மலையடி நிலத்திற்கு முன்பணம் கொடுப்பவர் பத்திரத்தை மட்டும் பாராமல், யானைத்தடம் எவ்வழியே போகிறது என்று அவ்வூர்ப் பெரியவர்களிடம் விசாரிக்கட்டும். இதனை ஊர் ஜமாஅத்துகள் வெள்ளிக்கிழமை அறிவிப்பிலேயே சொல்லலாம். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.